உத்தியோகத்தருக்குச் சொந்தக்காரர்

எங்கள் வன்னிக் காட்டில் யானை உண்டு, கரடி உண்டு, ஒட்டுசுட்டான் வீதியைப் பகலிலேயே குறுக்கறுத்துப் போகும் பன்றிக் கூட்டம் உண்டு. இவை எல்லாவற்றையும்விட அதிக தூரம் அலையும் பிராணி ஒன்றும் உண்டு. அதற்கு நான் வைத்த பெயர் உத்தியோகத்தருக்குச் சொந்தக்காரர். காலடியைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். அடி எல்லாம் அரசாங்கக் கந்தோர்ப் பக்கம் போயிருக்கும். வயல் பக்கம் ஒன்றும் திரும்பியிராது.

புது உத்தியோகத்தர் ஒருவர் மாற்றலாகி வருகிறார் என்று வையுங்கள். அவருடைய பெட்டி படுக்கை லொறியால் இறங்க முன்னமே இவர் படலையில் நிற்பார். கையில் ஒரு போத்தல் தேன். கடையில் வாங்கிய தேன்தான். "எங்கட காட்டுத் தேன் ஐயா" என்பார். முதல் நாள் ஒன்றும் கேட்கமாட்டார். கதிரை மேசையை இறக்கிக் கொடுப்பார், கிணற்றுத் தண்ணீர் சவர் என்று எச்சரிப்பார், வீட்டு அம்மாவுக்கு இழுப்பு வருத்தம் என்பதை ஓரக் கண்ணால் கண்டு அடுத்த நாள் ஆடாதோடை இலையோடு வருவார், அதற்கு அடுத்த நாள் மான் வத்தல், பிறகு முள்ளிவாய்க்கால் கருவாடு, பிறகு ஒரு முட்டி எருமைத் தயிர், இவ்வளவும் உள்ளே போய்ச் செமித்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

"ஐயாவின்ர தகப்பனார் எந்த ஊர்?"

தீர்ந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன உத்தியோகத்தர் தப்பியதை நான் காணவில்லை. எந்த ஊரைச் சொன்னாலும் அங்கே இவருக்கு ஒரு வளவு இருக்கும், வளவுக்குள் ஒரு பூட்டன் இருப்பார், பூட்டனுக்கு ஒரு தமையன் இருப்பார், அந்தத் தமையனின் வழியில் உத்தியோகத்தர் வந்து பிறந்திருப்பார். பிறக்காமல் விட அவருக்கு என்ன உரிமை?

அதற்குப் பிறகு ஊருக்குள் இவருடைய கதையே மாறிவிடும். "நேற்று ஐயாவோட இருந்து கதைச்சனான்" என்று தொடங்குவது, "அண்ணையிட்டை ஒரு சொல்லுச் சொல்லிவிடுறன்" என்று வளரும். சொல்லிவிடுகிறாரா என்று கேட்காதீர்கள். அந்த ஒரு சொல்லை அவர் தமக்கென்று பொத்தி வைத்திருக்கிறார்.

எனக்குத் தெரிந்த சொந்தக்காரர்களுள் முதல் இடம் எங்கள் பாலையடிக்குளத்துக் கதிர்காமநாதனுக்குத்தான். அப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தோ ஐம்பத்தாறோ. எங்கள் பகுதிக்கு டி.ஆர்.ஓ.வாக, அதாவது பகுதிக் காரியாதிகாரியாக, சிற்றம்பலம் என்பவர் வந்தார். காணி, குளம், விதானை நியமனம் எல்லாம் அவர் கையெழுத்தில். சொந்த ஊர் சுழிபுரம்.

கதிர்காமநாதன் என்னிடம் ஓடி வந்தார். எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் யார் யாருக்கு என்ன முறை என்பது மட்டும் தலையில் நிற்கும்.

"அம்மான், சுழிபுரத்தில எங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"உன்ர பூட்டன் அங்கையிருந்து மாடு சாய்ச்சுக்கொண்டு வந்தவர் எண்டு சொல்லுவினம். வேற ஒண்டும் இல்லை."

"அவ்வளவும் காணும்! டி.ஆர்.ஓ.வின்ர பூட்டனும் அந்த ஊர்தானே. ரெண்டு பேரும் சகோதரங்களாய் இருந்திருக்க மாட்டினமோ?"

"மச்சான்மாராயும் இருந்திருக்கலாமே, தம்பி."

"மச்சான் முறை பகிடி விடத்தான் சரி. பங்காளி எண்டால்தான் இறுக்கம்."

இப்படியாக, செத்து எண்பது வருடமான இரண்டு பேரை என் வீட்டு வாசலில் வைத்து அவர் சகோதரர் ஆக்கினார். நானும் ஓம் என்று தலையை ஆட்டினேன். என் பிழையும் இதில் உண்டு, மறைக்கவில்லை.

அவருக்கு வேண்டியிருந்தது வயல் விதானை வேலை. குளத்து மதகான துருசைத் திறப்பதும், எந்த வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று சொல்வதும் வயல் விதானை. இருந்தவர் கண் தெரியாமல் விலகிவிட்டார். புரட்டாதியில் நடக்கும் குளத்துக் கூட்டத்தில் வயல் செய்யும் கமக்காரர் கை உயர்த்திப் புதியவரைத் தெரிவு செய்ய வேண்டும். கை உயர்த்துவது கமக்காரர்தான். என்றாலும் கூட்டத்துக்குத் தலைமை வகிக்கிற டி.ஆர்.ஓ. யாரைப் பார்த்துச் சிரிக்கிறாரோ அவருக்குத்தான் கை தானாக உயரும். அது உலக வழக்கம். கதிர்காமநாதனின் கணக்கில் வயல் விதானை முதல் படி. அடுத்தது ஊர்த் தலைவரான ஊர் விதானை. அதற்கு அடுத்தது என்ன என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் விட்ட நேரத்தில், அரசாங்க அதிபர் இருக்கும் கச்சேரி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

போட்டிக்கு நின்றவர் வீரகத்தி. அவரை எந்த உத்தியோகத்தருக்கும் தெரியாது. துருசுப் பலகையில் எந்தப் பலகை உக்கியது, எந்த வாய்க்காலில் நண்டு வளை வைத்திருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். இப்படிப்பட்டவர்கள் எப்படி முன்னேறுவார்கள், சொல்லுங்கள்?

கதிர்காமநாதனின் மனைவி கமலாசனி வாய்க்காரி. ஒரு நாள் என் முன்னாலேயே கேட்டாள்:

"உங்கட கூடப் பிறந்த ஏரம்பு அண்ணை பதினைஞ்சு நாள் காய்ச்சலாய்க் கிடந்தார். எட்டிப் பார்த்தியளோ?"

"நேரம் கிடைக்கேல்லையப்பா."

"டி.ஆர்.ஓ. வீட்டு நாய்க்கு உண்ணி பிடுங்க மட்டும் நேரம் கிடைச்சது!"

நாய்க்கு உண்ணி பிடுங்கியது உண்மை. நானும் கண்டேன். பக்குவமாகத்தான் பிடுங்கினார்.

ஆவணிக் கடைசியில் சுழிபுரத்தில் டி.ஆர்.ஓ.வின் பெரியப்பா செத்துப் போனார். செய்தி வந்தபோது கதிர்காமநாதனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! துக்கம் என்று சொல்லத்தான் வேண்டும். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனார். அங்கே பிள்ளைகளைவிடப் பெலத்து அழுதாராம். பாடைக்குத் தோள் கொடுத்தாராம். "இந்தத் தம்பி ஆர்?" என்று கேட்ட கிழவி ஒருத்திக்கு மூன்று தலைமுறையை மூச்சு விடாமல் ஒப்புவித்தாராம். அதோடும் விடவில்லை. பங்காளிமார் வரிசையாக நாவிதன் முன் குந்தியபோது தாமும் குந்தி, இருபது வருடம் எண்ணெய் பூசி வளர்த்த மீசையை எடுத்துவிட்டு வந்தார்.

திரும்பி வந்து ஹலீம் நானாவின் தேத்தண்ணிக் கடையில் இறங்கினார். ஹலீம் நானாவுக்கு எங்கள் குளத்தின் கீழ் நான்கு ஏக்கர் வயலும் உண்டு.

"என்ன தம்பி, மீசை எங்கை?"

"பெரியப்பா மோசம் போனார், நானா." மழித்த மேலுதட்டைத் தடவிக்கொண்டார். "எங்கட குடும்பத்துக்கு ஒரு தூண் சாய்ஞ்ச மாதிரி."

"எந்தப் பெரியப்பா? உங்கட வாப்பாதானே வீட்டுக்கு மூத்தவர்?"

கதிர்காமநாதன் தேத்தண்ணியை ஊதினார்.

இனித்தான் விஷயம். எங்கள் வழக்கத்தில் பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வாசல் மிதிக்கக் கூடாது, பொங்கல் பானைப் பக்கம் போகக் கூடாது. குளத்துக் கூட்டம் எங்கே நடக்கும்? குளக்கட்டுப் பிள்ளையார் கோயில் முன்றலில், பொங்கல் இறக்கிய கையோடு. நாள் குறித்து வந்தது. விரலை மடித்துப் பார்த்தோம். அன்றைக்குத் துடக்கில் இருபத்திமூன்றாம் நாள்.

மீசையை எடுக்கும்போது இந்தக் கணக்கை அவர் பார்க்கவில்லை. உத்தியோகத்தருடைய அன்பை மட்டும் கணக்குப் பார்த்தார்.

கூட்டத்தன்று டி.ஆர்.ஓ. வரவில்லை. அவருக்கும் துடக்குத்தானே. அடுத்த பகுதி டி.ஆர்.ஓ. வந்து கதிரையில் இருந்தார், எங்கள் டி.ஆர்.ஓ. கந்தோர்க் கிளாக்கர் கடதாசிக் கட்டோடு பக்கத்தில் இருந்தார். சனம் பொங்கல் வாங்கிக்கொண்டு நிலத்தில் குந்தியது. கதிர்காமநாதன் கோயில் எல்லைக்கு வெளியே, மருத மரத்தின் கீழ், சலவை வேட்டியோடு ஒற்றைக் காலில் மாறி மாறி நின்றார்.

கிளாக்கர் எழும்பி எங்கள் டி.ஆர்.ஓ. அனுப்பிய கடிதத்தை வாசித்தார்: "என் பெரிய தகப்பனார் காலமானதால் நான் துடக்குக் காக்கிறேன். என் பங்காளியான கதிர்காமநாதனும் அவ்விதமே காப்பதால் அவரும் கூட்டத்துக்கு வரமாட்டார். ஆகவே அவருடைய பெயரை இம்முறை எடுக்க வேண்டாம்."

அந்த மனிதர் உண்மையாக நம்பி எழுதினாரா, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு எழுதினாரா? இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

"நிப்பாட்டுங்கோ!" மருத மரத்தடியிலிருந்து ஒரு சத்தம். கதிர்காமநாதன் இரண்டு அடி முன்னுக்கு வந்தார்.

பூசாரி நடராசா அகப்பையோடு எழும்பினார். "டேய் தம்பி, அங்காலை நில்! பொங்கல் பானை இருக்கு."

"எனக்கு என்ன துடக்கு, பூசாரியார்? அது... தூரத்துச் சொந்தம்."

"தூரத்துச் சொந்தத்துக்கோ மீசை எடுத்தனீ?"

சனம் சிரித்தது. ஹலீம் நானா பின்னால் இருந்து, "ஆளைக் கரைச்சல் படுத்தாதையுங்கோ. தூண் சாய்ஞ்ச வீடு!" என்றார். இன்னும் சிரித்தது.

அடுத்த பகுதி டி.ஆர்.ஓ.வுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சொந்தம் இல்லையென்றால் துடக்கும் இல்லை. வந்து போட்டியிடலாமே?" என்று கிளாக்கரைப் பார்த்தார்.

கிளாக்கர் பேனையைத் திறந்தார். மரியாதையான மனிதர். மெல்லிய குரலில்தான் கேட்டார்.

"அப்ப எழுதட்டோ? 'டி.ஆர்.ஓ. ஐயா எனக்குச் சொந்தமில்லை' எண்டு நீங்கள் சனத்துக்கு முன்னால சொன்னதாய் எழுதி ஐயாவிட்டைக் குடுக்கட்டோ?"

கதிர்காமநாதன் கோயிலைப் பார்த்தார், பேனையைப் பார்த்தார். அந்தப் பக்கம் விதானை வேலை, இந்தப் பக்கம் உத்தியோகத்தர். வேலை கிடைப்பதற்காகத்தானே உத்தியோகத்தரைப் பிடித்தார்? அப்படியென்றால் எதை விடவேண்டும், எதைப் பிடிக்கவேண்டும்? உங்களுக்கும் எனக்கும் இது லேசான கேள்வி. அவருக்கு நெற்றியில் வேர்த்தது.

"எழுத வேண்டாம்" என்றார் கடைசியாக. "துடக்குத்தான்." சொல்லிவிட்டு இரண்டு அடி பின்னுக்குப் போய் மருத மரத்தில் சாய்ந்தார்.

வீரகத்தியின் பெயரைக் கூப்பிட்டார்கள். கைகள் உயர்ந்தன. காய்ச்சலால் எழும்பி மெலிந்து போயிருந்த ஏரம்புவின் கை எல்லாருக்கும் முதல் உயர்ந்தது. தம்பி நின்ற பக்கம் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வீரகத்தி வெட்கப்பட்டுக்கொண்டு, "வடக்கு வாய்க்காலை நாளைக்கே வெட்ட வேணும், மண்வெட்டி உள்ள ஆக்கள் வாங்கோ" என்றார். விதானை ஆனதற்கு அவர் ஆற்றிய சொற்பொழிவு அவ்வளவுதான்.

"ஏன் தம்பி விட்டுக்குடுத்தனீ?" என்று வழியில் கேட்டேன்.

"விதானை வேலை ஒண்டுதானே, அம்மான். டி.ஆர்.ஓ. பெரிய இடமெல்லோ. நாளைக்கு ஒரு காலத்தில உதவும்."

நாளைக்கு ஒரு காலம் தை மாதத்தில் வந்தது. டி.ஆர்.ஓ. சிற்றம்பலம் மாற்றலாகித் தெற்கே போனார். போகும்போது ஊரில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். கதிர்காமநாதனிடம் சற்று அதிகமாக, "நாயைப் பார்த்துக்கொள்ளும்" என்று சொன்னார். நாயை விட்டுவிட்டுத்தான் போனார்.

அடுத்த கிழமை கதிர்காமநாதன் என் வீட்டுக்கு வந்தார். மீசை பழைய அளவில் பாதிக்கு வளர்ந்திருந்தது. நாயும் கூட வந்தது.

"புது டி.ஆர்.ஓ. மட்டக்களப்பாம், அம்மான்."

"அங்கை உனக்கு ஒருத்தரும் இல்லை."

"இருப்பினம். நீங்கள் யோசிச்சுப் பாருங்கோ." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்த முறை பெண் எடுத்த வழியாய்ப் பாருங்கோ, அம்மான். மச்சான் முறையாய். அதில துடக்கு நாள் குறைவு."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடிந்த பிறகு ஒன்று கேட்கிறேன், எனக்குச் சொல்ல வேண்டாம், உங்களுக்குள்ளேயே சொல்லுங்கள். கடைசியாக ஒரு கந்தோர்ப் படியில் ஏறியபோது, கடதாசியை நீட்ட முன்னம், உள்ளே கதிரையில் இருப்பவர் எந்த ஊர் என்று வாசலில் நின்ற பியோனிடம் விசாரித்தீர்களா, இல்லையா?