புழு மேடத்தின் பத்துச் சாட்சிகள்

திருப்பூரில் முதலாளிக்குப் பயப்படாதவர்கள் உண்டு. துணி வாங்க வரும் வெளிநாட்டுப் பையருக்குப் பயப்படாதவர்களும் உண்டு. இருவரையும் கால் தூசுக்கு மதிக்காமல், மண்புழுவுக்கு மட்டும் அடங்கி நடந்த ஒரே ஆள் எங்கள் புழு மேடம்தான்.

வீரபாண்டிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நான் குவாலிட்டி பார்க்கிறவன். அவர் கட்டிங் ஹாலைக் கூட்டுகிறவர். சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. பாய்லருக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகைக்குக் கீழே நான்கு தொட்டிகளில் மண்புழு வளர்த்தார். சாயம் ஏறாத துணி வெட்டு, பஞ்சுத் தூசி, கேன்டீன் காய்கறித் தோல், பக்கத்து ஊரான மங்கலத்திலிருந்து மூட்டையில் வரும் சாணம், எல்லாம் உள்ளே போகும். மூன்று மாதத்தில் டீத்தூள் மாதிரி உரம் வெளியே வரும்.

போர்வெல் தண்ணீர் உப்பென்று, கேன்டீனின் ஆர்.ஓ. தண்ணீரைத்தான் தொட்டிக்குத் தெளிப்பார். மத்தியானம் நாங்கள் காலி கேனைக் கவிழ்த்து ஆட்டிக்கொண்டிருப்போம்.

"மேடம், நாங்க குடிக்க வேண்டாமுங்களா?"

"உங்களுக்கு வாய் இருக்குது கண்ணு, கேட்டு வாங்கிக்குவீங்க. அதுக யாருகிட்டப் போயி கேக்கும்?"

தையல் நூல் பாலியஸ்டர், மக்காது. குப்பையில் ஒரு முழம் கண்டுவிட்டால் போதும், அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தையல் லைனுக்கே வந்துவிடுவார். "இதைப் போட்ட மவராசன் எந்திரிச்சு வாங்க. முதல்ல நீங்க தின்னு காட்டுங்க!" பீகார் டெய்லர்களுக்கு இதையே இந்தியில் சொல்லுவார். அவருக்குத் தெரிந்த இந்தி ஐந்து வார்த்தை, ஐந்தும் திட்டு.

இப்படி இருக்கும்போது பையரின் ஆடிட் வந்தது. எங்கள் சாயப்பட்டறைக் கழிவுநீரைச் சுத்தம் செய்தபின் மிஞ்சும் சேறு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. அதைப் புழுத் தொட்டியில் கொட்டி, 'சாயச் சேற்றையும் உரமாக்குகிறோம்' என்று போர்டு வைத்துவிடலாம் என மேனேஜருக்கு ஒரு மகா யோசனை. மேடத்தை அறைக்குக் கூப்பிட்டார். நானும் ஃபைலோடு நின்றிருந்தேன்.

"அஞ்சு மூட்டை கொட்டிருங்கம்மா. புழுதானே, எதையும் திங்கும்."

"திங்காதுங்க சார். செத்துப்போகும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இருங்க, அதுகளையே கேட்டுப்போடலாம்."

கேன்டீன் தட்டு ஒன்றில் பாதி உரமும் பாதி சாயச் சேறும் நிரப்பிக்கொண்டு வந்து மேனேஜர் மேசையில் வைத்தார். சேற்றின் மேல் பத்துப் புழுக்களை விட்டார். அவை துடித்த துடிப்பு இருக்கிறதே! ஏழு புழுக்கள் உரத்துக்குள் புகுந்தன. மற்ற மூன்றும் தட்டையே தாண்டி ஷிப்மென்ட் ஃபைல் மேல் ஊர்ந்தன. மேனேஜர் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிக்கொண்டார்.

"பாத்தீங்களா சார்? பத்துப் பேரும் ரிசைன் பண்ணீட்டாங்க."

நான் சிரித்துத் தொலைத்தேன். மேனேஜர் முகம் சிவந்தது. "நாளையிலிருந்து நீங்களும் வர வேண்டாம்."

"வரலீங்க. தொட்டிய நீங்களே வெச்சுக்குங்க. புழு என்னுதுங்க. அதுகளைச் சாகக் குடுத்துப்போட்டுப் போவனுங்களா?"

அன்று சாயங்காலத்துக்குள் நான்கு தொட்டியையும் கிளறி, ஆறு பக்கெட்டில் புழுக்களைச் சேர்த்துவிட்டார். யாரும் கூப்பிடாமலே டெய்லர்கள் வந்து ஆளுக்கொன்றாகத் தூக்கினார்கள். கேட்டில் செக்யூரிட்டி மறித்தார். பொருள் வெளியே போக வேண்டுமென்றால் கேட் பாஸ் வேண்டும். மேனேஜர் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யார் கையெழுத்துப் போடுவது?

எனக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, வேலை போனால் நடுத்தெரு. ஆனாலும் ஆத்திரம் தாங்கவில்லை. கேட் பாஸ் புத்தகத்தைப் பிடுங்கி, 'மண்புழு, ஆறு பக்கெட், குவாலிட்டி ஓகே' என்று எழுதி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

எத்தனையோ ஆயிரம் பெட்டிகளுக்கு ஓகே போட்டிருக்கிறேன். மனசாரப் போட்டது அது ஒன்றுதான். அந்த அம்மாவை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.