காற்றுப் பங்கீட்டுத் துணைக்குழு

மக்களுக்காக வெயிலில் நின்ற தலைவர்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உண்டு. மழையில் நனைந்தவர்களும் உண்டு. மக்களுக்காகக் குளிரில் நடுங்கியவர் ஒருவரே. அவர்தான் பெல்மோர் முன்னாள் தோட்டத் தொழிலாளர் நல இயக்கத்தின் தலைவர் சிவபிரகாசம். அந்தத் தியாகத்தை வாரத்துக்கு மூன்று நாள், போகும்போதும் வரும்போதும், பக்கத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் வேன் ஓட்டுநர் பத்துமலைக்குக் கிடைத்திருந்தது.

பெல்மோர் ரப்பர் தோட்டம் செம்பனையாகி, செம்பனையும் வீடமைப்பாகிப் பல வருடமாயிற்று. அங்கே பாலுக்காக ரப்பர் மரம் வெட்டியவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இப்போது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறார்கள். அவர்களில் ஆறு பேருக்குச் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. அவர்களை ஈப்போவுக்கு டயாலிசிஸ் செய்துகொள்ள அழைத்துப்போகத்தான் இயக்கம் அந்த வேனை வாங்கியது. தலைவருக்கும் அதே மூன்று நாட்களில் ஈப்போவில் முக்கியமான 'சந்திப்பு' இருந்தது; அதனால் முன்னிருக்கை அவருடையது. சந்திப்பு பெரும்பாலும் ஒரு காப்பிக் கடையில், ஒரு தட்டு ரொட்டியோடு நடந்தது. தலைவர் இன்னும் பட்டம் வாங்கி டத்தோ ஆகவில்லை. அவருடைய கனைப்பு மட்டும் எப்போதோ ஆகிவிட்டது.

வேன் வந்த முதல் வாரம் எல்லாம் சரியாக இருந்தது. திறப்பு விழாவில் தங்க எழுத்தில், கனத்த அட்டையில் அச்சிட்ட வாழ்த்து மடல் ஒன்றைத் தலைவருக்கு வழங்கினார்கள். அதை அவர் டேஷ்போர்டின் மேல், கண்ணாடியோரமாகச் சாய்த்து, தாம் படிக்கத் தோதாகத் தம்மைப் பார்த்து வைத்துக்கொண்டார். சில நாளில் மடல் காணாமல் போயிற்று. தம்மீது பற்றுள்ள யாரோ எடுத்திருக்கலாம் என்று தலைவர் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டார்.

அந்த வாரத்திலிருந்துதான் பின்னால் ஏர்கோனின் குளிர்காற்று வரவில்லை. பின்னிருக்கைகளுக்கு மேலே வரிசையாக இருந்த துவாரங்கள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தன. பின்னால் போகவேண்டிய காற்றெல்லாம் சேர்ந்து முன்னுக்கே வந்தது. தலைவர் கோட்டு போட்டார். பிறகு கழுத்தில் மப்ளர் சுற்றினார். பின்னால் ஆறு பேரும் அவிந்துகொண்டிருந்தார்கள்.

டயாலிசிஸ் நோயாளிக்கு வேர்வை பெரிய விஷயமில்லை, தாகம்தான் விஷயம். நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆறு பேரில் இளையவள் சாந்தினி, நாற்பது வயது. ஒரு சின்ன ஃபிளாஸ்கில் நான்கு ஐஸ் கட்டி கொண்டுவருவாள். ஈப்போ வருவதற்குள் நான்கும் தீர்ந்துவிடும். அவள் வெறும் மூடியை நக்குவதை ஒருநாள் பத்துமலை கண்ணாடியில் பார்த்தார்.

இன்னொரு நோயாளியான தினேஸ்வரி, தமிழ்ப்பள்ளியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். முறைப்படி மனு எழுதுவதில் கைதேர்ந்தவர். 'பொருள்: பின்னிருக்கைக்குக் காற்று வராமை' என்று கீழே கோடிட்டு, ஆறு பேர் கையெழுத்தோடு கடிதம் கொடுத்தார். தலைவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் போட்டார்கள். பிறகு கடிதத்தை டேஷ்போர்டின் மேல் வைத்தார்.

"உங்க கடிதம் எப்பவும் என் கண்ணு முன்னாலயே இருக்கும்மா," என்றார்.

அடுத்த பயணத்தில் கடிதம் அங்கே இல்லை. மேலிடத்துக்குப் போயிருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். பதில் வராததால் தினேஸ்வரி இரண்டாவது எழுதினார். பிறகு மூன்றாவது. ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றப்பட்டது, படம் எடுக்கப்பட்டது, டேஷ்போர்டில் வைக்கப்பட்டது. என்ன காரணமோ, மனு கூடக்கூட முன்பக்கக் கண்ணாடியில் பனி படிவதும் கூடியது.

மக்கள் குறையைக் கேட்டு இயக்கம் சும்மா இருந்துவிடவில்லை. 'காற்றுப் பங்கீட்டு ஆய்வுத் துணைக்குழு' அமைக்கப்பட்டது. உறுப்பினர்கள் மூவரும் வேனை நேரில் ஆய்வு செய்தார்கள். ஒருவர்பின் ஒருவராக முன்னிருக்கையில் அமர்ந்து, கையை நீட்டி, கண்ணை மூடி, குளிரை உணர்ந்தார்கள். பின்னால் உட்கார்ந்து பார்க்கலாமே என்று பத்துமலை மெதுவாகச் சொன்னார். அங்கே வெக்கையாக இருப்பதாகப் புகார் வந்திருப்பதால் அது உசிதமில்லை என்று துணைக்குழு கருதியது. 'வேனில் காற்று திருப்திகரமாக உள்ளது' என்று அறிக்கை வந்தது. கூடவே ஒரு நிவாரணமும் வந்தது: தலைவர் படம் போட்ட அட்டை விசிறி, ஆளுக்கு ஒன்று. அன்று முதல் ஆறு சிவபிரகாசங்கள் பின்னிருக்கையில் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஏழாவது மாதம், ஒரு திங்கட்கிழமை. ஈப்போவில் இறங்கும்போது சாந்தினி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, புதன்கிழமை என்னைக் கூப்பிட வராதீங்க. நான் வரல. வீட்லயே இருந்துடறேன்."

"ரத்தம் சுத்தம் பண்ணாம எத்தன நாளும்மா இருப்ப?"

"இருக்கற வரைக்கும் இருக்கேன். இந்தத் தாகம் முடியலண்ணே."

பத்துமலை பயந்துபோனார். தீர்மானம், முன்மொழிவு, வழிமொழிவு எதுவும் இல்லாமல் ஒரு காரியம் செய்தார். இது இயக்கத்தின் சட்டவிதிகளுக்கு முற்றிலும் புறம்பானது. நோயாளிகள் உள்ளே இருக்கும் நான்கு மணி நேரத்தில் வேனை நேராக ஷாஹித்தின் ஏர்கோன் பட்டறைக்கு ஓட்டினார். காப்பிக் கடை வாசலில் இறங்கவேண்டிய தலைவரும், பழுதுபார்ப்பைத் தாமே 'மேற்பார்வை' செய்வதாகச் சொல்லி இருக்கையை விட்டு அசையாமல் வந்தார்.

ஷாஹித் அதிகம் பேசாத ஆள். கேஸ் அளவைப் பார்த்தான், சரியாக இருந்தது. ஏர்கோன் விசிறியைக் கூட்டிக் குறைத்தான், சத்தமும் கூடிக் குறைந்தது. பிறகு, துணைக்குழுவுக்குத் தோன்றாத ஒரு காரியம் செய்தான். பின்னால் போய் உட்கார்ந்தான். ஒரு டிஷ்யூவைத் துவாரத்தில் பிடித்தான். அது அசையவே இல்லை.

"காத்து நல்லாத்தான் இருக்குண்ணே. வழிதான் அடைச்சிருக்கு," என்றான். உள்ளே ஒரு சின்னப் பலகை உண்டென்றும், அது திரும்பினால்தான் காற்று பின்னால் போகும் என்றும் விளக்கினான். அதைத் திருப்பும் மோட்டார் முனகுகிறது, பலகை நகரவில்லை.

தலைவரை இறங்கச் சொல்லிவிட்டு, டேஷ்போர்டின் கீழிருந்த கையுறைப் பெட்டியைக் கழற்றி, தோள் வரை கையை உள்ளே விட்டான். ஒரு காகிதம் வந்தது. அப்புறம் இன்னொன்று. டேஷ்போர்டின் மேல், கண்ணாடியோரமாக இருந்த நீளத் துளை வழியாக எல்லாம் உள்ளே இறங்கியிருந்தன. மொத்தம் பதினொன்று. எல்லாவற்றிலும் அழகான கையெழுத்தில் ஒரே வரி: 'பொருள்: பின்னிருக்கைக்குக் காற்று வராமை.' கடைசியாக, பலகைக்கு நடுவே ஆப்பு மாதிரி செருகியிருந்த கனத்த அட்டையைக் குறடு வைத்து இழுத்தான். தங்க எழுத்து இன்னும் மங்கவில்லை. 'மக்கள் மூச்சுக்காற்றே, வாழ்க!'

ஷாஹித் காகிதங்களைப் புரட்டினான்.

"இதெல்லாம் யாருக்கு எழுதினது?"

தலைவர் கனைத்துக்கொண்டார். இத்தனை மாதம் மனுக்கள் ஒன்றுகூடத் தொலையாமல் பத்திரமாக இருந்ததைக் கவனிக்க வேண்டும் என்றார். அடுத்த ஆண்டறிக்கையில் அந்த வாக்கியம் அப்படியே இடம்பெற்றது.

வேனை எடுக்கும் முன், ஷாஹித் அந்தத் துளையின் மேல் ஒரு சாண் கொசுவலையை இழுத்து ஒட்டினான்.

அன்று திரும்பும்போது பின்னால் காற்று வந்தது. சாந்தினி முகத்தைத் துவாரத்துக்கு நேராக நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டாள். "புதன்கிழமை வாரேண்ணே," என்று மட்டும் சொன்னாள். பத்துமலைக்குச் சாலை கலங்கித் தெரிந்தது. அதற்குக் கண்ணாடிப் பனி காரணமில்லை.

புதன்கிழமை தினேஸ்வரி பன்னிரண்டாவது மனுவைக் கொடுத்தார். கண்ணில் ஒற்றல், படம், டேஷ்போர்டு. எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனால் இந்த முறை காகிதம் கொசுவலைமேல் ஆடாமல் அசையாமல் கிடந்தது. ஈப்போ வரை முக்கால் மணி நேரம், தலைவர் வாக்களித்தபடியே, அவர் கண் முன்னாலேயே இருந்தது. வேறு பக்கம் பார்க்க வழியில்லாமல் தலைவர் அதைப் படித்துவிட்டார். 'பொருள்: முன்னிருக்கையைச் சாந்தினிக்கு ஒதுக்குதல்.'

வெள்ளிக்கிழமை தலைவர் வரவில்லை. இயக்கத்துக்கு அவர் ஆற்றிய சேவைகளிலேயே தலைசிறந்தது அதுதான். இப்போதும் தவறாமல் வராமல் இருந்து அதைத் தொடர்ந்து ஆற்றிவருகிறார்.

பத்துமலை ஒரு பொட்டலம் தோசையோடு ஷாஹித்துக்கு நன்றி சொல்லப் போனார். தோசை தீரும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, தயங்கித் தயங்கி ஒரு சந்தேகம் கேட்டார்.

"தோட்டத்த மூடினப்ப வீடு கேட்டு எங்கப்பா ஒரு மனு குடுத்தாரு லா. ரெண்டு கையாலயும்தான் வாங்கினாங்க. அதுவும் இப்படி எங்கயாச்சும் உள்ள விழுந்து கெடக்குமா?"

"கை விட்டுப் பாத்துடலாம்ணே," என்றான் ஷாஹித். "எந்த வண்டி?"

"வண்டி தெரியல லா. முன்சீட்ல உக்காந்திருந்தவங்கதான் ஞாபகம் இருக்கு. எல்லாரும் கோட்டு போட்டிருந்தாங்க."