பழுதைத் தொடாதீர்கள்: ஓர் ஏகமனதான தீர்மானம்

எதிர்காலம் என்ற ஒன்று இந்த நாட்டில் முதன்முதலாக வந்து இறங்கிய இடம் கேரள எல்லையில் இருக்கும் எங்கள் முதலமடை. பெங்களூர்க்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பொறாமை. அது லாரியில் வரவில்லை, செல்போனில் வந்தது. லாரியில் வந்திருந்தால் நேரத்துக்கு வந்திருக்கும் என்று சொல்கிறவர்களும் ஊரில் உண்டு. அவர்களை நாங்கள் சங்கத்தில் சேர்ப்பதில்லை.

சங்கம் என்றால் மாங்காய் மண்டி உரிமையாளர்கள் முன்னேற்றச் சங்கம். அதன் செயலாளர் அடியேன், ஃபிரோஸ். தலைவர் அப்பாஸ் ராவுத்தர். பொருளாளர் பூபதிராஜா. எங்கள் மூவரின் தொலைநோக்கால் 'கனிமித்ரா' என்னும் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டினோம். கம்பெனி கொச்சியில், முழுக்க முழுக்கக் கண்ணாடி போட்ட கட்டடத்தில் இருக்கிறது. கண்ணாடி எதற்கென்றால் 'வெளிப்படைத்தன்மை'க்கு. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்பது மட்டும் வெளியிலிருந்து தெரியாது.

செயலிக்கு வேலை இரண்டு. மாங்காயின் அன்றைய நியாய விலையைக் காட்ட வேண்டும். கேட்டால் லாரி பிடித்துத் தர வேண்டும். அதற்கு முன்பெல்லாம் மண்டிக்காரரும் தோப்புக்காரரும் ஒரு துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். நாகரிகமற்ற பழக்கம். எதிராளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே விலையைக் குறைக்க வேண்டியிருந்தது. அவர் கையை உதறிவிட்டு எழுந்தால் வியாபாரம் போச்சு. செயலி வந்ததும் இந்தச் சங்கடம் ஒழிந்தது. செல்போனைத் திருப்பிக் காட்டினால் போதும். செல்போனின் கையை யாரும் உதற முடியாது.

இந்த வருஷம் காய் திரளும் நேரத்தில் காலம் தப்பி ஒரு மழை பெய்தது. காயில் கரும்புள்ளி விழுந்தது, விலை ஒரே நாளில் பாதியானது. அன்றைக்குக் கனிமித்ராவுக்கும் ஏதோ ஆகிவிட்டது. மழை விட்டது, காய் தேறியது. வடக்கே எங்கள் செந்தூர மாங்காய்க்கு அடித்துக்கொண்டார்கள், விலை மளமளவென்று ஏறியது. செயலியில் மட்டும் மழை நாள் விலை மாறவே இல்லை. விலைக்குப் பக்கத்தில் குடை பிடித்த மாம்பழம் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. வெயிலில் ரோட்டுத் தார் உருகியபோதும் எங்கள் செல்போனில் மழை பெய்தது.

இப்படிப்பட்ட நிர்வாகத்துக்கு இனியும் சந்தா கட்டுவதா என்று முடிவு செய்ய ஓர் 'அடியந்தர யோகம்' கூட்டினோம். பெயர்தான் மலையாளம், வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். ஆனால் அவசரக் கூட்டம் என்று தமிழில் சொன்னால் அவசரம் யாருக்கும் உறைப்பதில்லை.

யோகம் பூபதிராஜாவின் ஷெட்டு மாடியில். கீழே வெயிலில் ஒரு பிக்கப் வண்டி நிறைய செந்தூரம் நின்றது. சௌதாவின் சரக்கு. சௌதா மரங்களைப் பாட்டத்துக்கு, அதாவது வருஷக் குத்தகைக்கு, பிடித்து மருந்தடித்துக் காவல் காத்துக் காய் எடுக்கிறவள். எங்கள் தலைவருக்கு ஒரு வகையில் மருமகள் முறை. அந்த வாரத்துக்குள் அடுத்த வருஷப் பாட்டத்துக்கு முன்பணம் கொடுக்காவிட்டால் தோப்பு அவள் கையை விட்டுப் போய்விடும். இந்த ஒரு வண்டிக்குச் சரியான விலை கிடைத்தால் தோப்பு தங்கும், மழை நாள் விலை கிடைத்தால் தங்காது. அவ்வளவுதான் கணக்கு.

காலையிலேயே வந்து தலைவரிடம் கேட்டாள். "மாமா, இன்னைக்கு வெலைய இன்னைக்கு வெலையாப் போட்டுக் குடுங்க."

தலைவர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். "நீ மேல வந்து உக்காரு புள்ள. அந்த ஆப்பை நிறுத்தறதுக்குத்தான் யோகமே. நிறுத்திட்டோம்னா அப்புறம் உனக்கு இன்னைக்கு வெலைதான்."

அவளும் நம்பி மேலே வந்து, வாசலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

பொருளாளர் பூபதிராஜா எழுந்து குற்றப்பத்திரிகை வாசித்தார். அவர் பேசினால் பந்தலே அதிரும். அன்று மின்விசிறி ஆடியது.

"ஏனுங்க, நான் கேக்கறேன். மூணு லாரி புக் பண்ணுனனுங்க. ஒண்ணு வந்துச்சுங்களா? ஒருத்தன் இடுக்கியில சக்குபள்ளத்துக்குப் போயி, ஏலக்காத் தோட்டத்து கேட்டுல நின்னுக்கிட்டு, மாங்கா எங்கன்னு கேக்கறானுங்க! தோட்டத்து மேனேஜர் என்னையக் கூப்புட்டு வையறாரு!"

"அநியாயம்!" என்றது சபை.

"கஸ்டமர் கேருக்குப் போன் போட்டா பாட்டுப் போடறானுங்க. நல்ல பாட்டு, அதை இல்லைங்கல. முழுப் பாட்டும் கேட்டு முடிச்சா லைனு கட்டாயிருதுங்க!"

"அக்கிரமம்!"

"வெலை? மழை பேஞ்ச அன்னைக்கு நின்னது இன்னும் நிக்குது! சந்தாவ நிறுத்துங்க. ஒத்தப் பைசா குடுக்கப்படாது!"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. சௌதாவும் தட்டினாள். எல்லோரையும்விடப் பலமாக.

முடிவை முறைப்படி அறிவிக்க, தலைவர் தம் செல்போனை மேசை நடுவில் வைத்து ஸ்பீக்கரில் கம்பெனியை அழைத்தார். பாட்டு வந்தது. அதிசயமாக, பாட்டு முடிந்ததும் ஆளும் வந்தான். பெயர் ஜிதின். பதவி 'வாடிக்கையாளர் மகிழ்ச்சி மேலாளர்'. குரலில் மகிழ்ச்சி இல்லை.

"தம்பி, நாங்க ஆப்பை நிறுத்தறோம்" என்றார் தலைவர்.

"ஐயோ சாரே, அப்படிச் சொல்லல்லே. வெலை நிக்கறது ஒரு சின்னப் பிரச்னம் மாத்ரம். நீங்க சந்தா புதுக்குனா, இன்னைக்கு வைகுந்நேரம், சாயங்காலத்துக்குள்ள சரியாக்கித் தராம். சத்தியம் சாரே."

"சரியாக்கறதுன்னா?"

"இன்னைக்கு வெலை இன்னைக்கே காட்டும். எல்லாருக்கும். தோப்புக்காருக்கும், மண்டிக்காருக்கும், எல்லாருக்கும் ஒரே வெலை."

இவ்வளவு பெரிய ஆபத்து இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இந்த இடத்தில் எங்கள் தொழில்முறையைச் சற்று விளக்க வேண்டும். வாங்குவதை நாங்கள் செயலியில் வாங்குகிறோம். விற்பதை, டில்லிக்காரரோடும் அகமதாபாத்காரரோடும், பழையபடி துண்டுக்குள் விற்கிறோம். தொழில்நுட்பமும் மரபும் கைகோத்து நடக்கும் இடம் இது. ஆய்வு மாணவர்கள் யாராவது வந்து பார்த்தால் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, விலையைக் கேட்காத வரையில்.

முதலில் பேச்சு வந்தது பூபதிராஜாவுக்குத்தான். "அதான் தம்பி... எதுக்கு அவசரம்? நல்லாப் போயிட்டிருக்கறதை நீங்க எதுக்குத் தொடறீங்க?"

"சார்தானே நிறுத்தணும்னு..."

"அது லாரியப் பத்திச் சொன்னது."

"இல்ல சாரே, கோல்டு பிளான்னு ஒண்ணு உண்டு. அதுல எல்லாம் கறக்டா வரும்."

"அதுக்குக் கீழ ஒண்ணும் இல்லையா?" என்றார் தலைவர்.

"இப்ப நீங்க உள்ளதுதான் ஏற்றவும் கீழ சாரே. அதுக்கும் கீழ ஒண்ணும் இல்ல."

"சரி, கோல்டுக்கு உண்டான காசையே கட்டறோம். ஆனா எதையும் ரிப்பேர் பண்ணப்படாது. அப்படி ஒரு பிளான் போடுங்க."

ஜிதினின் பயிற்சியில் இந்தப் பாடம் இல்லை போலும். மேலிடத்தில் கேட்டுவிட்டு வந்தான். அப்படியொரு திட்டத்தை எங்களுக்காகவே உருவாக்கலாம் என்றும், அதற்குப் 'பராமரிப்பு ஒப்பந்தம்' என்று பெயர் வைக்கலாம் என்றும் சொன்னான். பழுது எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் கெடாமல் பராமரிக்கப்படும்.

நான் எழுந்து தீர்மானத்தை முன்மொழிந்தேன். செயலி என்பது மனித விருப்பு வெறுப்புகளுக்கு அப்பாற்பட்டது. அது காட்டும் விலையே நியாய விலை. உறுப்பினர் எவரும் அந்த விலையை மறுக்கவோ கேள்வி கேட்கவோ கூடாது. அத்தனை கைகளும் உயர்ந்தன. அப்படியோர் ஒற்றுமையை எங்கள் சங்கம் அதற்கு முன் பிரியாணியின்போது மட்டுமே கண்டிருக்கிறது.

அப்போதுதான் சௌதா எழுந்தாள். கீழே வெயிலில் நின்ற அவளுடைய வண்டியிலிருந்து பழுத்த வாசனை மாடி வரைக்கும் வர ஆரம்பித்திருந்தது.

"ஏனுங்க மாமா, ஆப்பு காட்டறதுதான் நியாய வெலைங்களா?"

"தீர்மானமே போட்டாச்சே புள்ள. என் கையில என்ன இருக்குது?" தலைவரின் முகத்தில் உண்மையாகவே வருத்தம் தெரிந்தது. அதற்கென்று ஒரு முகம் அவரிடம் எப்போதும் தயாராக இருக்கும்.

"மெம்பரு கேட்டா யாரும் மறுக்கப்படாதுங்களா?"

"படாது."

"நானும் மெம்பர்தானுங்களே? லோடுக்கு லோடு டிஜிட்டல் சேவைன்னு எங்கிட்டத்தானே புடிக்கறீங்க?"

இது உண்மை. செயலிக்கான சந்தாவைத் தோப்புக்காரர்களின் சரக்கிலிருந்தே பிடித்துக்கொள்கிறோம். பயன் அவர்களுக்குத்தானே.

"சந்தேகமென்ன, நீயும் மெம்பர்தான்" என்றார் தலைவர் பெருந்தன்மையாக.

"அப்ப சரிங்க மாமா. உங்க மண்டியில இருக்கற செந்தூரம் மொத்தமும் அந்த வெலைக்கு நான் எடுத்துக்கறனுங்க. பூபதியண்ணன் ஷெட்டுல இருக்கறதும் எனக்குத்தான். பொள்ளாச்சியிலருந்து வண்டி சொல்லிப்போட்டன். ஆளுகளைக் கூப்புட்டு ஏத்தச் சொல்லுங்க."

பூபதிராஜா சிரித்தார். சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார். சௌதா சிரிக்கவில்லை.

"அதெப்படி புள்ள?" என்றார் தலைவர். "டில்லிக்குப் போற சரக்கை இந்த வெலைக்கு எப்படிக் குடுக்கறது?"

"இதுதானுங்களே நியாய வெலை."

"இது... இது பழைய வெலையாச்சே. மழை பேஞ்ச அன்னைக்கு வெலை. ஆப்பு சரியில்ல புள்ள. உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியுமுங்க மாமா. உங்களுக்குத் தெரியுமான்னுதான் தெரியாம இருந்துச்சு."

மேசை நடுவில் மறந்துபோய்க் கிடந்த செல்போனிலிருந்து ஜிதினின் குரல் உற்சாகமாக வந்தது. "சாரே, அப்ப ரிப்பேர் பண்ணட்டா?"

"பண்ணாதே!" என்று மொத்த சபையும் கத்தியது. தீர்மானத்துக்குக் கிடைத்ததைவிடப் பலமான ஆதரவு இதற்குத்தான்.

அதன் பின் நடந்தவை முறைப்படியே நடந்தன. பூபதிராஜா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். செயலி காட்டும் நியாய விலை, மண்டிக்காரர்கள் வாங்கும்போது மட்டுமே நியாயமானது. விற்கும்போது நியாயம் அந்தந்த நேரத்துக்கு ஏற்றபடி. திருத்தம் நிறைவேறியது. ஆண்டுச் சந்தாவுக்குப் பதில் மூன்று வருஷச் சந்தாவாகவே கட்டிவிடுவது என்றும் முடிவானது.

கம்பெனியின் விதிப்படி ஒவ்வோர் அழைப்பின் முடிவிலும் பயனாளி ஒருவரின் கருத்தைப் பதிவு செய்ய வேண்டுமாம். "அந்தச் சேச்சி நல்லா சம்சாரிக்குது, நல்லாப் பேசுது. எங்க சேவையப் பத்தி ஒரு அபிப்ராயம் சொல்லாமோ?" என்றான் ஜிதின். சௌதா செல்போனுக்குப் பக்கத்தில் குனிந்து இரண்டே வாக்கியம் சொன்னாள். முதலாவதை அவனிடம் சொன்னாள். இரண்டாவதை நிமிர்ந்து, தன் மாமாவைப் பார்த்துச் சொன்னாள். பிறகு படியிறங்கிப் போய்த் தன் பிக்கப் வண்டியைப் பொள்ளாச்சிக்குத் திருப்பச் சொன்னாள்.

பொள்ளாச்சியில் அவளுக்கு நல்ல விலைதான் கிடைத்தது, கெட்டியாக இருந்த காய்க்கு. அடியில் இருந்த காயெல்லாம் எங்கள் யோகம் முடிவதற்குள் வெயிலில் கனிந்து நசுங்கிப் போயிருந்தது. நாங்கள் இன்னும் சுருக்கமாகப் பேசியிருக்கலாம். கையில் வந்த பணத்துக்குப் பாதித் தோப்பைத்தான் அவளால் அடுத்த வருஷத்துக்குப் பிடிக்க முடிந்தது. மீதிப் பாதியை எங்கள் தலைவர் பிடித்திருக்கிறார். உறவு விட்டுப் போகக் கூடாது என்பதில் அவர் எப்போதும் கவனமாக இருப்பவர்.

கனிமித்ரா இப்போது அமோகமாக நடக்கிறது. கொல்லங்கோடு சாலையில் கம்பெனி ஒரு பெரிய பேனர் கட்டியிருக்கிறது. அதில் குடை பிடித்த மாம்பழம் சிரிக்கிறது. பக்கத்தில் 'ஒரு பெண் விவசாயியின் நற்சான்று' என்று போட்டு, சௌதா சொன்னதைப் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள்: "ஆப்பு மேல ஒரு குத்தமும் இல்லைங்க தம்பி."

அச்சுக்கு அனுப்பும் முன் வாசகத்தைச் சரிபார்த்துக் கொடுத்தது நான்தான். பேனரில் இடம் போதாததால், செயலாளர் என்ற முறையில், இரண்டாவது வாக்கியத்தை மட்டும் நீக்கினேன்: "திருடறது இவங்கதான்."