ஒரே உயர நெல்

மனிதர்களுக்குச் சமத்துவம் போதித்த மகான்கள் நாட்டில் ஏராளம். நெல்லுக்குப் போதித்தவர் ஒரே ஒருவர்தான்: தாம்பரத்துக்கு அருகே ஒரு வேளாண் அலுவலகத்தில் உதவி அலுவலராக இருந்த திருவாளர் சத்தியநாதன்.

அது 2005. மனுக்களெல்லாம் கம்ப்யூட்டருக்குள் குடியேறிவிட்ட பொற்காலம். முடிச்சூர் அஞ்சம்மாளின் மனு அவர் தலையில் வந்து விழுந்தது. அவளுடைய முக்கால் ஏக்கரில் மேற்குப் பக்கத்து நெல் இடுப்பளவு. கிழக்கே முழங்காலைத் தாண்டவில்லை. ஒரே விதை, ஒரே நாள் நடவு. என்ன அக்கிரமம்!

சத்தியநாதன் டேப்போடு போய் வரப்பில் நின்றார்.

“காரணம் எனுக்கே தெரியும் சார்,” என்றாள் அஞ்சம்மாள். “பிளாட்டு போட்டவங்கோ ரோட்டுக்கு மண்ணடிச்சாங்கோ. கெயக்கால தண்ணி வர்ற மடை மூடிகிச்சு. ரோட்டுக்கு அடியில ஒரு பைப்பு பொதச்சா போதும். கதிரு பொதி கட்ற நேரம் சார், இன்னும் பத்து நாள் காஞ்சா பதராப் பூடும்.”

“அது இருக்கட்டும்மா. பயிரோட உயரம் எவ்வளவு? ஒரே நம்பரா சொல்லுங்க.”

“ரெண்டு ஒயரம் கீதே சார்.”

“ஃபார்ம்ல ஒரு கட்டம்தான் இருக்கு. ரெண்டு நம்பர் போட்டா கம்ப்யூட்டர் எடுத்துக்காது. மனு க்ளோஸ் ஆகலன்னா மேலிடத்துல என்னைக் கேப்பாங்க.”

“அப்போ பைப்ப போடு சார். ரெண்டும் ஒண்ணாயிடும்.”

“காரணம்னு விதை, உரம், பூச்சி, விவசாயியின் அலட்சியம், இந்த நாலுதான் வருது. ரோடு வரலியேம்மா.”

வராததை வரவழைக்க அவர் என்ன மந்திரவாதியா? டீக்கடையில் உட்கார்ந்து ஆழ்ந்து யோசித்தார். குட்டைப் பயிரை வளர்ப்பது கடவுளின் வேலை. நெட்டைப் பயிர் அத்துமீறாமல் பார்த்துக்கொள்வது அரசாங்கத்தின் வேலை. மறுநாளே ஆளைக் கூட்டிப் போய் மேற்கு மடையையும் மண்மூட்டையால் அடைத்து, அரக்கு முத்திரை வைத்தார். “தற்காலிகச் சமன்படுத்தல் நடவடிக்கை” என்று அதற்குப் பெயர்.

“வயித்துல அடிக்கிறியே சார். நல்லா கீறதையாவது வுடு சார்.”

“ரெண்டு பக்கமும் சமமானதும் எடுத்துடலாம். அதுவரைக்கும் சீல்ல கை வச்சா கேஸ் ஆயிடும்.”

கேஸ் என்ற சொல்லுக்கு அஞ்சம்மாள் பயந்தாள். ஏழைக்கு அந்தப் பயம் இருப்பதால்தானே நிர்வாகம் நடக்கிறது.

பதினைந்து நாள் கழித்து அவர் வந்தபோது வயலில் பயிர் இல்லை. காய்ந்து போனதை ஆடுகளாவது தின்னட்டும் என்று அவள் மேய விட்டிருந்தாள். ஆடுகள் பாரபட்சம் பார்க்கவில்லை. மேற்கிலும் கிழக்கிலும் நாலு விரற்கடைத் தாள்தான் மிச்சம். சத்தியநாதன் அளந்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஏழு சென்டிமீட்டர். எங்க அளந்தாலும் ஏழுதான். உங்க குறை தீந்துடுச்சும்மா, இதுல கையெழுத்துப் போடுங்க.”

அஞ்சம்மாள் காகிதத்தைத் தொடவில்லை. “இத்தினியும் ஆரால ஆச்சுன்னு அதுல எழுதிகீதா சார்?”

“எழுதாம இருப்பேனா?” சத்தியநாதன் பெருமையோடு கடைசி வரியை விரல் வைத்துப் படித்துக் காட்டினார்.

“நடவடிக்கை எடுத்தவர்: சத்தியநாதன்.”