ஆற்றோரத்து ஆஸ்பத்திரி

டக்ளஸ் தேங்காய்ச் சம்பலுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் பெயரைப் பார்த்ததும் போத்தலில் இருந்த உப்பில் பாதியைச் சம்பலுக்குள் கொட்டிவிட்டான்.

"ஆரது?" என்றாள் மனைவி ஜசிந்தா, வாசற்படியில் தேநீரோடு இருந்தபடி.

"கொண்ணர்தான். உன்ர லோறன்ஸ் அண்ணை."

"ஐயோ மாதாவே! எடுக்காதேங்கோ."

"எடுக்காட்டி ஆஸ்பத்திரிக்குப் போன் அடிப்பார்."

அங்கேதான் சிக்கல். டக்ளஸ் ஜேர்மனியில், தான் குடியிருக்கும் வுப்பர்டாலில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சிறுநீரகக் கல்லோடு படுத்திருப்பதாக லோறன்ஸ் நம்பிக்கொண்டிருந்தார். டக்ளஸோ பிரான்சில், அல்சாஸ் கிராமம் ஒன்றின் ஆற்றங்கரையில், அடுப்பும் கட்டிலும் உள்ள வாடகை வோன்மொபில் வண்டிக்குள் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே அப்பிள் மரம் பூத்துக் கிடந்தது. அதன் கிளையில் அவன் இடுப்பில் கட்டும் நீலக் கட்டம் போட்ட சாரம் காய்ந்துகொண்டிருந்தது. அந்தச் சுற்றுலா முகாமிலேயே ஆற்றைப் பார்த்த இடம் அது ஒன்றுதான். "இந்த இடத்துக்கு ஆக்கள் அடிபடுகினம். நேற்றும் ஒருத்தரைத் திருப்பி அனுப்பினனான். ஞாயிறு வரைக்கும் உங்களுக்குத்தான்" என்று முகாமின் சொந்தக்காரி ஒடில் அம்மா அன்று காலைதான் நல்ல ஜேர்மனில் உறுதி கொடுத்திருந்தார்.

பிரான்சுக்குள் கால் வைக்கிற தமிழன் பாரிசில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகாமல் திரும்பக் கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறியவன் தப்பியதும் இல்லை. பதினைந்து வருடமாக ஒவ்வொரு ஈஸ்டர் விடுமுறைக்கும் டக்ளஸ் பார்த்த பிரான்ஸ், லோறன்ஸ் வீட்டு வரவேற்பறையில் விரித்த மெத்தையும், பாரிஸ் லாச்சப்பலின் தமிழ் மரக்கறிக் கடையும், யாரோ ஒருவரின் கலியாண வீடியோவும்தான். இந்த வருடம் மனுசன் துணிந்துவிட்டான். "சிறுநீரகத்தில கல், அண்ணை. லீவிலதான் ஆஸ்பத்திரியில வந்து படுக்க டெர்மின் தந்திருக்கினம்" என்று ஒரே போடாகப் போட்டான்.

ஜசிந்தா இதற்கு லேசில் சம்மதிக்கவில்லை. தகப்பன் போனபிறகு மன்னாரிலிருந்து அவளைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தவர் லோறன்ஸ். அவரை விட்டால் அவளுக்கு வேறு கூடப்பிறந்தவர் இல்லை. அவரோ ரோசக்காரர். சொந்தச் சித்தப்பா மகன் டிஸ்னிலாண்ட் பார்த்துவிட்டுத் தன் வீட்டுப் படி மிதிக்காமல் போய்விட்டான் என்று இன்றுவரை அவனோடு பேச்சில்லை. "அண்ணை என்னோட கதையாமல் விட்டார் எண்டால், நான் உங்களோட கதைக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள்.

டக்ளஸ் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்தான். படுத்தால்தான் நோயாளிக் குரல் வரும். நல்ல காலம், வீடியோ அழைப்பு இல்லை.

"அண்ணை..." என்று முனகினான்.

"எப்பிடியடா தம்பி? நோ குறைஞ்சதோ?"

அந்த நேரம் பார்த்துக் கிராமத்து மாதா கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. போனுக்குள்ளும் அது திரும்பக் கேட்டது. எதிரொலி என்று டக்ளஸ் நினைத்தான்.

"என்ன மணிச் சத்தம்?"

"ஆஸ்பத்திரிக்குள்ள சின்னக் கோயில் இருக்கு, அண்ணை. ஒப்பரேசனுக்குப் போற ஆக்களுக்குச் செபிக்கிறவை." பேச்சைச் சுருக்கத்தான் சொன்னான். சொல் வாயை விட்டுப் போன பிறகுதான் அதன் கனம் புரிந்தது.

"ஒப்பரேசனோ? உனக்கோ? பிளோறன்ஸ், வெளிக்கிடும்! நாங்கள் இப்பவே வாறம்" என்று மனைவியை அவசரப்படுத்தினார் லோறன்ஸ்.

ஜசிந்தா தலையில் கை வைத்தாள். டக்ளஸ் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"வேண்டாம் அண்ணை! பார்க்க விடமாட்டினம். ஏதோ தொற்றாம்."

"தொற்றோ! அப்ப என்ர தங்கச்சி வீட்டில தனியவெல்லோ நிக்கிறாள். அவளுக்குத் துணைக்கு வரத்தானே வேணும்."

ஜசிந்தா போனைப் பறித்தாள். "அண்ணை, நான்தான். டொக்டர் இப்பதான் சொன்னவர், ஒப்பரேசனும் இல்லை, தொற்றும் இல்லை. வீட்டுக்கு விடுகினம். நீங்கள் கரைச்சல்படாதேங்கோ."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! அப்ப நேரே வீட்டுக்கே வாறம். முந்தநாள் லாச்சப்பலில நல்ல வாழைத்தண்டு வாங்கினனான், கல்லுக்குச் சோக்கான மருந்து. பின்னேரம் அங்க நிப்பம்."

தொடர்பு அறுந்தது. ஆறு மட்டும் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்களை ஆர் ஒப்பரேசன் எண்டு சொல்லச் சொன்னது?"

"உன்னை ஆர் வீட்டுக்கு விடுகினம் எண்டு சொல்லச் சொன்னது?"

சண்டை பிடிக்க நேரமில்லை. கூடாரத் துணியைச் சுருட்டி, காஸை மூடி, மேசையை மடித்து, உப்புச் சம்பலைச் சட்டியோடு பெட்டிக்குள் தள்ளினார்கள். ஒடில் அம்மா வாசலில் ஆச்சரியத்தோடு நின்றார்.

"ஞாயிறு வரைக்கும் நிக்கிறது எண்டெல்லோ சொன்னீங்கள்?"

"சொந்தக்காரர் வீட்டுக்கு வருகினம்" என்றான் டக்ளஸ்.

"எவ்வளவு சந்தோசமான விசயம்!"

டக்ளஸ் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.

ஜேர்மன் எல்லையைத் தாண்டியதும் மறுபடி லோறன்ஸின் போன். "பெல்ஜியத்துக்குக் கிட்ட வந்திட்டம். பின்னால என்ன தடதடவெண்டு சத்தம்?"

அலுமாரிக்குள் கோப்பைகள் ஆடிக்கொண்டிருந்தன. "சாமான் கழுவுறன் அண்ணை" என்றாள் ஜசிந்தா. பொய் சொல்லிப் பழகாதவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கார்ல்ஸ்ரூஹேக்குக் கிட்டே நெடுஞ்சாலை அடைத்துக் கிடந்தது. டக்ளஸ் புத்திசாலித்தனமாகக் கிராமத்துப் பாதையில் இறங்கினான். அங்கே அஸ்பராகஸ் வயலிலிருந்து வந்த உழவு இயந்திரம் ஒன்று பாதை முழுவதையும் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நகர்ந்தது. முந்தவும் ஏலாது, திரும்பவும் ஏலாது. அது ஒதுங்கிக் கொடுத்ததும், இழந்த நேரத்தைப் பிடிக்கப் பாய்ந்தான். வீதியோரக் கமரா பளிச்சென்று அடித்தது.

"படமும் எடுத்தாச்சு" என்றாள் ஜசிந்தா. "இஞ்ச திரும்புங்கோ. வெயிலில நிண்டு முகம் தக்காளி மாதிரிச் சிவந்து கிடக்கு. இந்த முகத்தைக் கண்டு ஆர் நோயாளி எண்டு நம்புவினம்?" என்று அவன் முகத்தில் பவுடரை அப்பினாள். டக்ளஸ் தும்மினான்.

"ஆகன் தாண்டியாச்சு" என்று மூன்றாவது அழைப்பு வந்தபோது அவர்கள் பிராங்பேர்ட்டையே தாண்டியிருக்கவில்லை. பெல்ஜிய எல்லையில் இருக்கும் ஆகனிலிருந்து வுப்பர்டால் கூப்பிடு தூரம். ஜசிந்தா செபமாலையைக் கையில் எடுத்தாள். "வந்து கதவைத் தட்டப் போறார். நாங்கள் இல்லை எண்டு கண்டால் என்ர அண்ணனை நான் இழந்தன்" என்று அழுதாள். டக்ளஸ் லோறன்ஸை நினைத்துப் பார்த்தான். அந்த மனுசன் வேலைக்கு லீவு போட்டு, வாழைத்தண்டும் கையுமாக ஓடி வருகிறார். தான் ஓர் ஆற்றுக்கும் அப்பிள் மரத்துக்கும் ஆசைப்பட்டு இப்படியொரு கேவலமான வேலை செய்தோமே என்று உண்மையாகவே வெட்கப்பட்டான்.

வுப்பர்டாலில் இறங்கியபோது மாலை ஆகிவிட்டிருந்தது. வீட்டு வாசலில் கார் இல்லை. வோன்மொபிலைத் வீதிக்கு மேலே ஓடும் தொங்கு ரயிலின் தூண் ஒன்றுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு இருவரும் ஓடினார்கள். டக்ளஸ் சப்பாத்தோடேயே கட்டிலில் பாய்ந்து போர்வையை இழுத்தான். அழைப்புமணி அடித்தது. "அம்மா... நோகுது!" என்று தெருவுக்கே கேட்க அலறினான்.

வந்தது பார்சல்காரன். பயந்துபோய்க் கையெழுத்துக்கூட வாங்காமல் இறங்கி ஓடினான்.

காத்திருந்தார்கள். தெருவில் கார் வந்த சத்தம் கேட்கும்போதெல்லாம் டக்ளஸ் முனகினான். கடைசியில் வந்தது ஒரு குரல் செய்தி. "தம்பி, ஆகனுக்கு இஞ்சால கார் மக்கர் பண்ணிப்போட்டுது. திருப்பிக்கொண்டு போறம். நீ நல்லாப் படுத்து எழும்பு. தண்ணி கனக்கக் குடி."

ஜசிந்தா போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விம்மினாள். "பாவம் அண்ணை. உங்களுக்காக எவ்வளவு தூரம் ஓடி வந்து ரோட்டில நிக்கிறார்! நீங்களும் ஒரு மனுசனோ?"

"ஓம் ஜசி. என்னில பிழைதான். ஓகஸ்ட் லீவு முழுக்க அவர் வீட்டிலதான்" என்றான் டக்ளஸ். மனதாரத்தான் சொன்னான். அதையே அண்ணைக்கும் செய்தியாக அனுப்பினான்.

அப்போது போன் மீண்டும் அடித்தது. பிரான்ஸ் இலக்கம். டக்ளஸ் பயந்து பயந்து ஸ்பீக்கரில் போட்டான். ஒடில் அம்மாதான்.

"உங்கட நீலக் கட்டம் போட்ட பாவாடையை மரத்தில விட்டிட்டுப் போட்டீங்கள். பயப்பிடாதேங்கோ, உங்கட இடத்துக்கு வந்த பாரிஸ்காரர் மடிச்சு வைச்சிருக்கிறார். ஓகஸ்டில உங்களிட்டையே தாறாராம். நல்ல குடும்பம். ஏதோ வெள்ளைத் தண்டில கறி வைச்சு எனக்கும் தந்தவை."

ஜசிந்தா செபமாலையை மேசையில் வைத்தாள்.

"நேற்று நான் திருப்பி அனுப்பின ஆள்தான் அவர். காலமை திரும்பவும் கேட்டு வந்தவர், மரத்தில அந்தத் துணியைக் கண்டிட்டுச் சிரிச்சார். 'இதை நத்தார் பரிசா வாங்கிக் குடுத்ததே நான்தான் அம்மா, கொஞ்சம் பொறுங்கோ, இடத்தைக் காலியாக்கித் தாறன்' எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனை எடுத்தவர்."