நாற்காலிக் கலைஞர்

இந்த வாரம் மனைவியிடம் கண்ணைக் கடன் வாங்குவதில்லை என்று அறிவிப்பாளர் சபதம் எடுத்தார்.

வெள்ளிதோறும் வானொலியில் நவீன நடனத்தைப் பற்றி முழங்குபவர் அவர். கலைஞர்கள், வரலாறு எல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தால் போதும், விளக்கோடு சேர்ந்து கண்ணும் அணைந்துவிடும். ஆகவே அரங்குக்குப் போவது மனைவி. கூர்ந்து பார்ப்பது மனைவி. வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் சொல்வதும் மனைவி. ‘நான் கண்டேன், சிலிர்த்தேன்’ என்று ஒலிபரப்பில் சிலிர்ப்பது மட்டும் இவர்! எந்த ஊர் நியாயம் இது?

அதைத்தான் அவளும் கேட்டாள்.

“ஏங்க, பார்க்கிறது நான். மைக் முன்னாடியும் நானே உட்கார்ந்துக்கறேனே?”

“அதுக்கெல்லாம் அனுபவம் வேணும்மா.”

“யாரோட அனுபவம்?”

இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “இந்தத் தடவை நானே பார்த்து நானே பேசறேன். சொதப்பினா மைக் உனக்கு. சொதப்பலேன்னா இந்தப் பேச்சையே விட்டுடணும்!”

“சரி. நானும் வந்து பின்னாடி ஓரமா உட்கார்ந்துக்கறேன்.”

அன்று மேடையே இல்லை. கூடம் முழுக்க நாற்காலிகள் இறைந்து கிடந்தன. பார்வையாளர்களுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு ஆடுவார்களாம். இவர் நட்டநடுவில் ஜம்மென்று அமர்ந்தார். விளக்கு மங்கியது.

அடுத்து அவர் காதில் விழுந்தது கைதட்டல்தான்.

இருட்டில் யார் கவனித்திருக்கப் போகிறார்கள்? திரும்பும் வழியில் மெல்ல மனைவியின் வாயைக் கிளறினார்.

“ஆட்டம் சுமார்தான், இல்ல?”

“சுமாரா? அந்த நாற்காலிக்காரர் ஒருத்தர் போதாதா?”

“ஆங்... அவரா! அவரைப் பத்தி நீ என்ன நினைக்கறே?”

“தலை கொஞ்சம் கொஞ்சமா சாஞ்சுது பாருங்க, அடடா! அப்புறம் வாய் பிளந்துது. குறட்டை கிளம்பிச்சு. ஆடின பொண்ணுங்க எல்லாம் அவரைச் சுத்தி வந்து, அந்தக் குறட்டைக்கே அடி வெச்சாங்க. கூடமே எழுந்து நின்னு கை தட்டிச்சே!”

“பயிற்சி பலமோ?”

“பிறவியிலேயே வந்த மாதிரி இருந்துது.”

மறுநாள் நேரடி ஒலிபரப்பு. எதிரே அந்த ஆட்டத்தை அமைத்த அம்மாளே விருந்தினர். இவர் தொண்டையைச் செருமினார்.

“நேயர்களே! செருப்பைக் கழற்றி எறிந்து ஆடியது ஒரு தலைமுறை. இசையைக் கழற்றி எறிந்து ஆடியது அடுத்த தலைமுறை. விழிப்பையே கழற்றி எறிந்த மாமேதையை நேற்று என் இரு கண்ணால் கண்டேன்! அம்மா, நாற்காலியில் குறட்டை விட்ட அந்தக் கலைஞரை எங்கே கண்டுபிடித்தீர்கள்?”

“சார்... அவர் எங்க குழு இல்லை.” அந்த அம்மாள் தயங்கினாள். “அது நீங்கதானே?”

ஊரே கேட்டது.

“ஏண்டி, அது நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று வீட்டுக்குள் நுழைந்ததும் குதித்தார்.

“நீங்கதான் உங்க ரெண்டு கண்ணால பார்த்தீங்களே!”

மைக் கைமாறியது. நடனக் குழுவோ, குறட்டை இல்லாமல் ஆட்டம் எடுபடவில்லை என்று இவரை அதே நாற்காலிக்கு அழைத்தது. மானத்தைக் காப்பாற்ற இது போதாதா? புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வானொலியில் மனைவியின் குரல் கணீரென்று ஒலித்தது: “ஆட்டம் அருமை, நேயர்களே. குறை ஒன்றே ஒன்று. நாற்காலிக் கலைஞர் கடைசிவரை கொட்டக் கொட்ட விழித்திருந்து காட்சியையே கெடுத்துவிட்டார்.”