காதில்லாத அண்ணாச்சியும் சத்தமில்லாத கம்ப்யூட்டரும்

ஒரு காட்டில் சினிமாப் பைத்தியம் பிடித்த முயல் ஒன்று இருந்தது. பெயர் தங்கப்பழம். காட்டில் ஏது கரண்ட், ஏது டிவி என்று இப்போதே ஆரம்பிக்காதீர்கள். முயல் பேசும் என்றால் தலையாட்டிக் கேட்டுக்கொள்வீர்கள், ப்ளக் பாயிண்டுக்கு மட்டும் ஆதாரம் கேட்பீர்களா? பேசாமல் கதையைக் கேளுங்கள்.

தங்கப்பழத்துக்குப் பிடித்த படங்கள் வேறு தினுசு. ஒரு ஆள் டீ ஆற்றுவார். ஜன்னலைப் பார்ப்பார். வெளியே மழை பெய்யும். திரும்பவும் டீ ஆற்றுவார். இடைவேளை. இதைப் பார்த்துத் தங்கப்பழம் தேம்பித் தேம்பி அழும். அதன் மனைவி பூரணம் எட்டிப் பார்த்து, "டீ ஆறிப்போச்சுன்னா இப்படி அழுவுதீங்க?" என்று கேட்கும்.

பிரச்சினை டிவியோடு மாட்டியிருந்த பழைய கம்ப்யூட்டர். உள்ளே மூன்று விசிறி, சுற்றுகிற ஹார்ட் டிஸ்க் ஒன்று. டம்ளரில் டீ விழுகிற சத்தம் கேட்கவேண்டிய இடத்தில் 'ர்ர்ர்ர்' என்று மாவு அரைக்கிற சத்தம் வரும். முயலுக்குக் காது எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும். அதிலும் தங்கப்பழத்துக்கு எதைக் கேட்டாலும் குறை. ஃப்ரிட்ஜ் முனகினால், "பேரிங் போச்சு" என்று சொல்லும். மரங்கொத்தி மரத்தைக் கொத்தினால் கீழே நின்றுகொண்டு, "தம்பி, கழுத்துல பேரிங் போச்சு, யார்ட்டயாவது காட்டு" என்று சொல்லும். பூரணம் பாவம், கல்யாணம் ஆன நாளிலிருந்து கேரட்டை வாசலுக்குப் போய்த்தான் கடிக்கிறது.

"அந்த டீ விழுற சத்தத்த ஒரே ஒரு தடவ கேட்டுட்டாப் போதும் பூரணம். இந்த சென்மத்துல வேற ஒண்ணும் வேண்டாம்" என்று உருகிவிட்டு, தங்கப்பழம் கடைக்குக் கிளம்பியது.

காட்டில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர் கடை. முதலாளி ஆவுடையப்பன் அண்ணாச்சி. மலைப்பாம்பு. முயலை 'அது' என்றவன் பாம்பை 'அவர்' என்கிறானே என்று பார்க்கிறீர்களா? காட்டில் மரியாதை உடம்பின் நீளத்தைப் பொறுத்தது.

அண்ணாச்சிக்குக் காது கிடையாது. எதிரே நிற்பவரின் வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். அதனால் வாடிக்கையாளரின் முகத்தைக் கண்கொட்டாமல் பார்ப்பார். எல்லோரும் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டார்கள். சத்தத்தைப் பற்றி யோசனை கேட்கக் காடே அவரிடம்தான் போனது. நாம் மட்டும் என்ன ஒழுங்கு, விடுங்கள்.

"அண்ணாச்சி, படம் பாக்க ஒரு கம்ப்யூட்டர் வேணும். துளி சத்தம் வரக்கூடாது."

"சத்தமா? இத்தன வருசமா கடை வச்சிருக்கேன். எங்கிட்ட வாங்குன சாமான் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல வே" என்றார் அண்ணாச்சி. சத்தியமான பேச்சு. தங்கப்பழத்துக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

அண்ணாச்சி பாகங்களை எடுத்து வைக்க ஆரம்பித்தார். சுற்றுகிற ஹார்ட் டிஸ்க் கூடவே கூடாது என்றார். அது சுற்றினால் தரை அதிரும், தரை அதிர்ந்தால் அவருக்குத் தாடை கூசும். அதற்குப் பதில் அசையாத எஸ்.எஸ்.டி. ஒன்றை எடுத்தார். பவர் சப்ளையும் விசிறி இல்லாதது. கேபினெட்டைச் சுற்றி அலுமினியத் தகடு தகடாக அடுக்கியிருந்தது. உள்ளே இருக்கும் சூட்டை எல்லாம் தகடு இழுத்து வெளியே விட்டுவிடும், விசிறியே தேவையில்லை. அந்தக் கேபினெட்டை அண்ணாச்சி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கண்ணால் இல்லை, உடம்பால்.

"என்ன பண்ணுதீங்க அண்ணாச்சி?"

"தரம் பாக்குதேன்."

"ஒரு ஆத்திர அவசரத்துக்குச் சின்ன விசிறி ஒண்ணு வச்சுக்கிடலாமா? மெதுவாச் சுத்துறது?"

"விசிறியா? குளுரும் வே!"

யாருக்குக் குளிரும் என்று தங்கப்பழம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

"படம் பாக்க மட்டும்னா சின்ன ப்ராசஸரே போதும்னு சொல்லுதாங்க. அது சூடே ஆவாதாமே?"

அண்ணாச்சியின் முகம் வாடிவிட்டது. "சூடே ஆவாதா? அப்புறம் அத வச்சு என்ன செய்ய? இந்தாரும், இதக் கொண்டுபோம்" என்று கடையிலேயே பெரிய ப்ராசஸரை எடுத்து வைத்தார். பக்கத்தில் தடியாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு.

"டீ ஆத்துற படத்துக்கு கிராஃபிக்ஸ் கார்டு எதுக்கு அண்ணாச்சி?"

"ஆவி தெளிவாத் தெரியும்."

அதற்குமேல் தங்கப்பழத்தால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் வாங்கிவிட்டது.

வீட்டில் மாட்டி, பட்டனைத் தட்டினால், அடடா! விளக்கு மட்டும் எரிகிறது, மூச்சு இல்லை. செத்துக்கிடக்கிறதோ என்று பூரணம் தட்டிப் பார்த்தது. தங்கப்பழம் காதை நிமிர்த்தி உட்கார்ந்தது. படத்தில் அந்த ஆள் டம்ளரைத் தூக்கினார். டீ விழப் போகிறது. இதோ, இதோ...

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"செட்டு எப்படி ஓடுதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று அண்ணாச்சி உள்ளே வந்தார். மார்கழி மாதம். நல்ல குளிர். நேராகப் போய்க் கேபினெட்டைச் சுற்றிக்கொண்டு படுத்தார். வால் மட்டும் சமையலறை வரைக்கும் கிடந்தது.

போனார் என்று நினைக்கிறீர்களா? போகவில்லை. அந்தக் காட்டில் வீட்டுக்கு வந்தவரைப் போகச் சொல்லக் கூடாது. கிளம்புகிறவரிடம் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்ல வேண்டும். அவர், "இருக்கட்டும், இன்னொரு நாள் பாத்துக்கிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். இரண்டு பேரும் மனதாரச் சொல்வதில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். தங்கப்பழத்துக்கு இது வாயில் ஊறிப்போன பழக்கம். ஒருமுறை வீட்டில் திருட வந்த நரியைப் பிடித்துக் காவலரிடம் ஒப்படைத்தபோதுகூட, "சாப்பிட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்களேன்" என்றது.

"அந்தாளு உங்களப் பாக்குற பார்வையே சரியில்ல" என்று பூரணம் கிசுகிசுத்தது.

"பாசம்" என்றது தங்கப்பழம்.

படம் முடிந்தது. இருந்த கொஞ்சநஞ்சச் சூடும் போய் கேபினெட் ஆறியது. அண்ணாச்சியின் தலை மெல்ல நிமிர்ந்து தங்கப்பழத்தின் பக்கம் திரும்பியது. நாக்கு ஒருமுறை வெளியே வந்து போனது. அது பாசத்தில் சேராது என்று தங்கப்பழத்துக்கே தெரிந்துவிட்டது. பதறிப்போய் அடுத்த டீப் படத்தைப் போட்டது. டீ ஆற்றுவதற்கெல்லாம் அவ்வளவு பெரிய ப்ராசஸர் சூடாகுமா? அண்ணாச்சி இன்னும் ஒரு முழம் நெருங்கினார். தங்கப்பழம் கையில் கிடைத்த ஒரு சண்டைப் படத்தை 4கே-வில் போட்டது. இருபது கார்கள் பறந்தன, ஹெலிகாப்டர் வெடித்தது, கேபினெட் கொதித்தது. அண்ணாச்சி, "ஆங், இது படம்!" என்று சொக்கிப்போய்ச் சுருண்டுகொண்டார்.

அன்றிலிருந்து சண்டைப் படம்தான். ஒன்று முடியும் முன்னே அடுத்தது. சூடு குறைந்தால் அண்ணாச்சிக்குப் பசிக்கும். கடிகாரம் நகர்கிற சத்தத்துக்கே சண்டை போட்ட தங்கப்பழம், காதுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு குண்டு வெடிப்பதைப் பார்த்தது. அண்ணாச்சிக்கு என்ன, காதா கீதா? நிம்மதியாகக் கிடந்தார்.

ஒருநாள் கரண்ட் போனது.

இன்வெர்ட்டரில் மாட்டினார்கள். அந்தப் பெரிய ப்ராசஸரை அதால் இழுக்க முடியுமா? 'டிக்' என்று அணைந்துவிட்டது. கேபினெட் ஆறியது. அண்ணாச்சி ஒவ்வொரு சுருளாகப் பிரிந்து, தரையோடு தரையாகத் தங்கப்பழத்தை நோக்கி வந்தார். பழைய கதையாக இருந்தால் முயல் இந்த இடத்தில் ஒரு தந்திரம் பண்ணும். நம்ம தங்கப்பழம் அணைந்துபோன கம்ப்யூட்டரின் பட்டனையே தட்டிக்கொண்டிருந்தது.

பூரணம்தான் ஓடியது. பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை இழுத்து வந்து இன்வெர்ட்டரில் மாட்டிப் பட்டனைத் தட்டியது. மூன்று விசிறியும் அலறின. ஹார்ட் டிஸ்க் கடகடவென்று உருண்டது. தரை முழுக்க அதிர்ந்தது. தரையில் தாடையை வைத்திருந்த அண்ணாச்சிக்குப் பல் பல்லாகக் கூசியது.

"என்ன வே இது, வீடா ரைஸ்மில்லா? பல்லெல்லாம் ஆடுது. நான் வாரேன்!" என்று விறுவிறுவென வாசலுக்கு ஊர்ந்தார். பூரணம் அப்பாடா என்று உட்கார்ந்தது. அண்ணாச்சி நிலைப்படியில் நின்று, முறைப்படி இன்னொரு தரம் சொல்லிக்கொள்ளத் திரும்பிப் பார்த்தார்.

தங்கப்பழம் அனிச்சையாக வாயைத் திறந்தது.

"என்ன அண்ணாச்சி, அதுக்குள்ள கெளம்பிட்டீங்க? ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க!"

பூரணம் தலையில் அடித்துக்கொண்டது. அண்ணாச்சி வாயசைவை ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டார்.

"நீரு இவ்வளவு தூரம் கூப்புடும்போது மாட்டேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?" என்று திரும்பி வந்து, தங்கப்பழத்தை முழுசாக விழுங்கினார்.

"ஐயோ, எம் புருசன்!" என்று பூரணம் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியின் நடு முதுகில் போட்டது. அவர் அசையவில்லை. வாசலில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

உள்ளே ஒரே இருட்டு. கதகதப்பு. விசிறி இல்லை, ஹார்ட் டிஸ்க் இல்லை, குண்டுவெடிப்பு இல்லை. 'இதுதான்யா சைலன்ட்!' என்று தங்கப்பழம் ஒரு நிமிஷம் சொக்கிப்போனது. அப்புறம் காதை நிமிர்த்தியது.

"அண்ணாச்சி... உங்க உள்ள குடுகுடுன்னு ஒரு சத்தம் வருது."

அண்ணாச்சி துள்ளி விழுந்தார். பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் கேட்டறியாதவர் அவர். இப்போது விலா எலும்பு வழியாகப் பேச்சு நேராக மண்டைக்கு ஏறியது. அவர் முதன்முதலாகக் கேட்ட குரல் தங்கப்பழத்தின் குரல். விதி!

"பேரிங் போச்சுன்னு நெனைக்கேன் அண்ணாச்சி. மூச்சு விடும்போது எடது பக்கம் ஒரு கரகரப்பு. கொஞ்சம் மூச்ச நிறுத்துங்க, எங்கேன்னு பாப்போம். ம்ஹூம், இன்னும் வருது. நெஞ்சுல ஒண்ணு 'டப்பு டப்பு'ன்னு அடிக்கே, அது எந்நேரமும் அடிக்குமா, அணைக்க முடியாதா? இத வச்சுக்கிட்டு எப்படித்தான் தூங்குதீங்களோ!"

"வாய மூடும் வே!" என்று கத்தினார் அண்ணாச்சி.

"இப்ப எதிரொலி வேற வருது. உள்ள வெறும் கூடா இருக்குல்லா, நாலு பக்கமும் பஞ்சு ஒட்டணும் அண்ணாச்சி."

அண்ணாச்சி தலையைக் கல்லில் முட்டினார். மரத்தில் சுற்றினார். மூடிக்கொள்ள அவருக்குக் காதும் இல்லையே! கடைசியில் கண்ணீர் மல்க, விழுங்கியதை அப்படியே வாசலில் கக்கினார்.

"உம்ம பொஞ்சாதி தெய்வம் வே!" என்று ஒரே சொல் சொல்லிவிட்டுத் தலைதெறிக்க ஓடினார்.

நனைந்துபோய்க் கிடந்த தங்கப்பழம் எழுந்து, "அண்ணாச்சி, அடிக்கடி வாங்க!" என்று கையாட்டியது. நல்ல வேளை, இந்தத் தடவை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் கரண்ட் வந்தது. புதுக் கம்ப்யூட்டரை ஓடவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். வீடு அப்படி ஒரு நிசப்தம். படத்தில் அந்த ஆள் டம்ளரைத் தூக்கினார். பூரணம் கேரட்டைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தது. டீ விழுந்தது. சொய்ங் என்று, நுரையோடு, அவ்வளவு துல்லியமாக விழுந்தது. தங்கப்பழத்தின் கண்ணில் நீர் கோத்தது.

"கேட்டாச்சா?" என்றது பூரணம், ஆசையாக.

"கேட்டேன் பூரணம்" என்றது தங்கப்பழம். "அந்தாளு மணிக்கட்டுல பேரிங் போச்சு."

பூரணம் அதன் காதருகே போய், கேரட்டை நறுக்கென்று கடித்தது.

நீதி: எதற்கெடுத்தாலும் குறை சொல்லிக்கொண்டே இருங்கள். குறை சொல்பவரை மலைப்பாம்பு விழுங்கலாம், செரிக்க முடியாது.